இருநூற்று நான்காம் டிஸ்க்

ஷர்லி என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அவள் புருஷன் ஜஸ்டினுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வல்லத்திராக்கோட்டையில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர் வேலைங்க, வீட்லேர்ந்தே பாக்குது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான். புதுக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான் அவன். எரிந்துபோன மோட்டாரை எதிரில் வைத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். ஷர்லி பார்த்த வேலையில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். அவள் அதையே வெறித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று ஒரு வரி தட்டுவாள். மறுபடி வெறிப்பாள்.

அந்த எழுத்துக்குப் பின்னால் இருந்தது, கடல் கடந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்பிரேம். பீரோ உயரத்துக்கு நிற்கும் பெரிய கம்ப்யூட்டர். அந்த ஒரே பெட்டிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட லினக்ஸ் சர்வர்கள், தனித்தனி கம்ப்யூட்டர்கள்போல ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று எழும்ப மறுத்தால் எழுப்புவதுதான் ஷர்லியின் வேலை. சாதாரண கம்ப்யூட்டர்போலப் பக்கத்தில் போய்ப் பொத்தானை அழுத்த முடியாது. எழாமல் கிடக்கிற சர்வருடன் பேச ஒரு பழைய காலத்துத் திரை மட்டும் உண்டு. அதில் எழுத்தைத் திருத்த முடியாது, முன்பு தட்டிய வரியை மேலே போய் எடுக்க முடியாது. ஒவ்வொரு வரியையும் பிழையில்லாமல் முழுதாகத் தட்ட வேண்டும். பதினான்கு வருடத்தில் அது அவள் விரலில் ஏறியிருந்தது.

அந்த வேலைக்கு அவளும் சிவரஞ்சனியும் ஒன்றாகத்தான் போனார்கள். ஆலங்குடிக்காரி சிவரஞ்சனி. இருவரும் ஒரே இன்ஜினியரிங் கல்லூரி, ஒரே வருடம். சென்னையில் பயிற்சி முடிந்து ஆள் பிரித்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் கேட்ட பிரிவு கிடைத்தது. கேட்கத் தெரியாமல் நின்ற இரண்டு பெண்களை, யாரும் போக விரும்பாத மெயின்பிரேமுக்குத் தள்ளினார்கள். வேளச்சேரியில் ஒரே அறையில் நான்கு வருடம் இருந்தார்கள். பிறகு சிவரஞ்சனிக்குப் பேச்சு கைவந்தது. டீம் லீடானாள், மேனேஜரானாள். ஷர்லிக்கு வேலை கைவந்தது. அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

அதில் அவளுக்கு அப்போது குறையொன்றும் இல்லை. அம்மா இன்னாசியம்மாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுத்தபோது, ஊரிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தது சிவரஞ்சனிதான். "நீ போடி, நான் மேல பேசிக்கிறேன்" என்றாள். சொன்னபடியே பேசினாள். அந்த நன்றியை ஷர்லி ஒருநாளும் மறக்கவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. இன்னாசியம்மாளுக்குப் பேச்சு குழறியதால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். லீவு சொல்லிவிட்டு ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றிருந்த ஷர்லிக்குப் போன் வந்தது.

"ஷர்லி, பாலிசி சர்வர்ல டிஸ்க் தொண்ணூத்தேழு பர்சன்ட் ரொம்பிருச்சுடி. புது டிஸ்க் ஒன்னு சேக்கணும். எனக்கு அந்த சர்வர்ல அக்சஸ் இன்னும் வரல. ஒன் பாஸ்வேர்ட சொல்லு, பத்து நிமிஷ வேல."

"ரஞ்சி, அது தப்புல்ல? வேற யாரும் இல்லையா?"

"இருந்தா ஒன்னைய ஆஸ்பத்திரில வந்து தொந்தரவு பண்ணுவேனா? எல்லாத்தையும் நானே பண்ணிட்டு ஒடனே வெளிய வந்துருவேன். நீ அம்மாவ பாரு."

ஷர்லி சொன்னாள். சற்று நேரத்தில் அவள் போனுக்கு ஆறு இலக்க எண் வந்தது. அதையும் படித்துச் சொன்னாள். உள்ளே அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுநாள் மறக்காமல் பாஸ்வேர்டை மாற்றினாள். அத்தோடு அதை மறந்தும் போனாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாடிக்கையாளர் ஊரில் அது சனிக்கிழமை இரவு. எட்டு மாதமாக நிற்காமல் ஓடிய பாலிசி சர்வரை நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்கள் போட்டு, மறுபடி எழுப்ப வேண்டும். ஜஸ்டின் மட்டும் பூசைக்குப் போயிருந்தான். காலை எட்டரைக்கு ஷர்லி சர்வரை நிறுத்தி எழுப்பினாள். வழக்கமாக இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. மூல இடம் கிடைக்கவில்லை என்றது சர்வர். அவசர நிலைக்கு வந்து, அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

சர்வர் எழத் தேவையான பைல்கள் கிடக்கும் அந்த மூல இடம் மூன்று டிஸ்குகளில் பரவியிருந்தது. மூன்றும் வந்தால்தான் அது எழும். இரண்டுதான் வந்திருந்தன. இருநூற்று நான்கு என்ற எண்ணுள்ள டிஸ்கைக் காணோம்.

டிஸ்குகளை ஒவ்வொரு சர்வருக்கும் பிரித்துக் கொடுப்பது மெயின்பிரேமில் தனி அடுக்கு. அதைப் பார்ப்பவர் திருப்பதி. மதுரைக்காரர், இவர்களுக்கு மூத்தவர். எல்லோரும் சேர்ந்திருந்த போன் அழைப்பில் அவரைக் கேட்டாள்.

"அண்ணே, இருநூத்தி நாலு அங்கிட்டு இருக்கா பாருங்க."

"இருக்கும்மா. இந்த சர்வருக்குத்தான் குடுத்துருக்கு. ஒரு கொறையும் இல்ல."

அவள் சர்வருக்குள் ஓடும் லினக்ஸைக் கேட்டாள். அப்படியொரு டிஸ்கே இல்லை என்றது.

"அண்ணே, இல்லேங்குது."

"ஏம்மா, என் கண்ணு முன்னாடி இருக்குதே!"

ஒன்பதே முக்காலுக்கு வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "எப்போது?" என்று கேட்கத் தொடங்கினார். அழைப்பில் பதினேழு பேர் இருந்தார்கள். டிஸ்கே கெட்டுவிட்டிருக்கும், பழைய நகலிலிருந்து எடுத்துப் போட்டுவிடலாம் என்றார் யாரோ. அதற்கு ஆறு மணி நேரமாகும். அன்றைய தினம் பதிவானதெல்லாம் போய்விடும். சிவரஞ்சனி, "ஷர்லி, நகல் எடுத்து போட்டுரலாமா?" என்றாள்.

"இருபது நிமிஷம் குடு ரஞ்சி."

திருப்பதி பார்க்கும் அடுக்குக்குத் தெரிகிற டிஸ்க் லினக்ஸுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? கெட்டுப்போன டிஸ்காக இருந்தால் 'படிக்க முடியவில்லை' என்றல்லவா சொல்லும்? இது இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. பக்கத்து அறையில் அம்மா கூப்பிடுவது கேட்டது. எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டுத் திரும்பி வரும்போது அவளுக்குப் பிடிபட்டது. மெயின்பிரேமில் ஆயிரக்கணக்கான கருவிகள் மாட்டியிருக்கும். லினக்ஸ் எழும்போது ஒவ்வொன்றையும் விசாரித்துக்கொண்டிருந்தால் நேரமாகும். அதனால் தொடக்கப் பட்டியலில் இருப்பதைத் தவிர மற்ற எதையும் கண்டுகொள்ளாதே என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அப்படியானால் இருநூற்று நான்கு அந்தத் தொடக்கப் பட்டியலில் இல்லை. அதை யாரும் எழுதவே இல்லை.

கண்டுகொள்ளாதே என்ற தடையிலிருந்து அந்த ஒரு எண்ணை மட்டும் விலக்கினாள். டிஸ்க் உடனே தெரிந்தது. அதை இயக்கினாள். மூன்றும் சேர்ந்தன. சர்வர் எழுந்தது. அடுத்த தடவையும் எழும்படி தொடக்கப் பட்டியலில் எண்ணைச் சேர்த்து, தொடக்கப் பதிவைப் புதிதாக எழுதி, எதற்கும் இன்னொருமுறை நிறுத்தி எழுப்பிப் பார்த்தாள். இரண்டு நிமிடத்தில் வந்தது. மணி பதினொன்றரை. ஒரு தரவும் போகவில்லை. எங்கோ தூரத்து நாட்டில் முகம் தெரியாத நாலு பேர் கை தட்டினார்கள்.

எல்லோரும் அழைப்பிலிருந்து போன பிறகுதான் அந்த டிஸ்கைச் சேர்த்தது யார் என்று சர்வரின் பதிவில் பார்த்தாள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் புது டிஸ்க் சேர்த்தால் உடனே வேலை செய்யும். தொடக்கப் பட்டியலில் எழுதாவிட்டால், சர்வரை நிறுத்தும் நாள்வரை ஒரு குறையும் வெளியில் தெரியாது. மார்ச் மாதம், புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. அதற்கு நேராக அவள் பெயர் இருந்தது.

சிவரஞ்சனியைத் தனியாக அழைத்தாள்.

"ரஞ்சி, அன்னைக்கு நீ சேத்த டிஸ்க்குதான்டி. பட்டியல்ல எழுதாம விட்டுட்ட."

"யார்கிட்டயும் சொல்லிராத. நான் பாத்துக்கிறேன்" என்றாள் சிவரஞ்சனி.

அந்த வார்த்தையை நம்பித்தான் ஷர்லி அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தாள்.

மூன்று மணி நேரம் சர்வர் படுத்ததற்குக் காரணம் எழுதித் தரும்படி வாடிக்கையாளர் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை சிவரஞ்சனியே போன் செய்தாள்.

"நாளைக்கு செக்யூரிட்டி ஆளுங்க கேப்பாங்க. நாந்தான் சேத்தேன், பட்டியல்ல எழுத விட்டுப்போச்சுன்னு சொல்லிரு. விட்டுப்போனதுக்கு ஒரு வார்னிங்தான் குடுப்பாங்க. பாஸ்வேர்ட குடுத்தேன்னு சொன்னா ஒனக்கும் வேல இருக்காது, எனக்கும் வேல இருக்காது. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு வேலை போவதற்கு ஒரு எச்சரிக்கை பரவாயில்லை. ஊரிலிருந்து வேலை பார்க்கும் இந்த ஏற்பாடே ரஞ்சி வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் பதினான்கு வருடத்தில் இப்படியொரு தவறு அவள் செய்ததில்லை. டிஸ்க் சேர்க்கும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று டீமுக்கு வரிசை எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

புதன்கிழமை கேட்ட அதிகாரி அந்த வரிசையைத்தான் கையில் வைத்திருந்தார்.

"மேடம், இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"ஒன்பதாவது வரி, தொடக்கப் பட்டியல்ல சேர்க்க வேண்டும். நீங்களே எழுதிட்டு நீங்களே செய்யலியா?"

"அன்னைக்கு விட்டுப்போச்சு சார்."

சொல்லும்போது காது மடல் எரிந்தது. அழைப்பில் சிவரஞ்சனியும் இருந்தாள். திருப்பதியும் இருந்தார். அவர் தொண்டையைக் கனைத்தது மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை எச்.ஆர். பெண் ஒருத்தியும் இருந்தாள். மார்ச் மாத அந்தப் புதன்கிழமை ஷர்லி லீவு என்று பதிவில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"லீவுல இருந்தவங்க எப்படி வேலை செஞ்சீங்க?"

இனி மறைப்பதில் பிரயோஜனம் இல்லை என்று ஷர்லி நினைத்தாள். தன்னைப் பேச வைப்பதற்குமுன் ரஞ்சியே வாயைத் திறப்பாள் என்றும் நினைத்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாரும் பேசவில்லை.

"சார், நான் செய்யல. அன்னைக்கு எங்கம்மாவ தஞ்சாவூர் ஆஸ்பத்திரில சேத்திருந்தோம். ரஞ்சனி போன் பண்ணி பாஸ்வேர்ட் கேட்டா. நான் சொன்னேன். அது என் தப்புதான். டிஸ்க்க சேத்தது அவதான்."

அதிகாரி சிவரஞ்சனியைக் கேட்டார். அவள் குரலில் நடுக்கமே இல்லை. வருத்தப்படுகிற குரலில் பேசினாள்.

"நான் அன்னைக்கு ஷர்லிக்கு போன் பண்ணது உண்மைதான் சார். லீவுன்னு தெரியும், ஆனாலும் அவசரம்னு கேட்டேன். ஆஸ்பத்திரியிலேர்ந்தே லேப்டாப்ல பண்ணிக் குடுக்குறேன்னு சொன்னாங்க. அவங்க அம்மா இருந்த நெலமையில ஒரு ஸ்டெப்ப விட்டிருக்கலாம். அத நான் தப்பா எடுத்துக்கல. ஆனா இப்ப ஏன் இப்படி சொல்றாங்கன்னுதான் எனக்குப் புரியல."

எந்த ஊரிலிருந்து நுழைந்தார்கள் என்ற பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள் ஷர்லி. அதைத் தொண்ணூறு நாளுக்குமேல் வைத்திருப்பதில்லை என்றார் அதிகாரி. ஆறு இலக்க எண் வந்தது அவள் போனுக்கு. பெயர் அவள் பெயர். இரண்டு நாளுக்கு முன்னால் நான்தான் என்று ஒத்துக்கொண்ட வாயும் அவள் வாய்தான்.

"புதன்கிழமை ஒன்னு சொன்னீங்க, இன்னைக்கு ஒன்னு சொல்றீங்க" என்றாள் எச்.ஆர். பெண். அதில் கோபம்கூட இல்லை.

வேலையைவிட்டு நீக்கியதாக எழுத மாட்டோம், நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அதையும் அவளுக்குச் செய்கிற உபகாரம்போல்தான் சொன்னார்கள். பதினான்கு வருடத்தை நான்கு வரியில் எழுதி அனுப்பினாள். மடிக்கணினியை வாங்கிப்போக கூரியர்காரன் வந்தான். அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

திருப்பதி ஒருமுறை போன் செய்தார். "எனக்குத் தெரியும்மா, நீ அப்படி விடுற ஆளில்ல" என்றார்.

"அத அன்னைக்குச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"என்னத்தச் சொல்லச் சொல்ற? எனக்கு இன்னும் மூனு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு."

அதற்குப் பிறகு அவரும் கூப்பிடவில்லை.

ஜஸ்டினுக்குக் கோபம் அடங்கவில்லை. ஆலங்குடிக்குப் போய் சிவரஞ்சனியின் அப்பாவிடம் நியாயம் கேட்கிறேன் என்று பைக் சாவியை எடுத்தான். ஷர்லி மறித்தாள்.

"போயி என்னன்னு கேப்பீங்க? டிஸ்க்க பட்டியல்ல எழுதலேன்னா? அந்தப் பெரிய மனுசனுக்கு என்ன புரியும்?"

"அதுக்காக வாய மூடிக்கிட்டு ஒக்காந்துருக்கணுமா?" என்று சாவியை மேசையில் எறிந்தான். பிறகு, சொல்லக்கூடாது என்று தெரிந்தே சொன்னான்: "பாஸ்வேர்ட குடுத்தது யாரு, நீதானே?"

அந்த ஒரு கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. சோறு போடும்போதும் துணி காயப்போடும்போதும் இருவருக்கும் நடுவே அது கிடந்தது.

வேறு வேலை தேடாமல் இல்லை. மெயின்பிரேமில் லினக்ஸ் தெரிந்தவர்களை வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் நாட்டிலேயே விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. எல்லாம் பெங்களூர், ஐதராபாத். வாரத்தில் நான்கு நாள் நேரில் வர வேண்டும் என்றார்கள். இன்னாசியம்மாளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றது. மூன்று சுற்று பேசி முடித்து, பழைய கம்பெனியில் விசாரித்தார்கள். அங்கே என்ன சொன்னார்களோ, அதற்குப் பிறகு பதிலே வரவில்லை.

கடைசியில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மீமிசல்காரர் ஹாஜா முகைதீன் நடத்தும் ஆன்லைன் சென்டரில் உட்கார்ந்தாள். பத்திலிருந்து ஆறுவரை. ஆதார் திருத்தம், பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ். சேர்க்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டைப்பிங் வேகமா வருமாம்மா?"

"வரும்ங்க."

அடுத்த மே மாதம் கோயில் திருவிழாவுக்கு ஆலங்குடி வந்த சிவரஞ்சனி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வல்லத்திராக்கோட்டைக்கு வந்தாள். கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் இருந்தன. ஜஸ்டின் அவளைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் இன்னாசியம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் தெரியாத கிழவி, வாய் கோணச் சிரித்து, "ரஞ்சனி… சாப்பிட்டியா ஆத்தா?" என்றாள்.

ஷர்லி வாசலில் நின்றாள். சிவரஞ்சனி எழுந்து வந்தாள்.

"அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியலடி. ரெண்டு புள்ளைங்க. அவரும் அப்ப வேல இல்லாம இருந்தாரு."

"ஒனக்குத் தெரிஞ்ச வழியில நீ போன. அத எதுக்கு இவ்வளவு தூரம் வந்து சொல்ற?"

சிவரஞ்சனிக்குக் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று ஷர்லிக்கும் தெரிந்தது. பிறகு அவள் மெல்லச் சொன்னாள்:

"பழைய டிஸ்க்கெல்லாம் புது ஸ்டோரேஜுக்கு மாத்துறோம்டி. வெள்ளிக்கிழம ஒரு சர்வர மாத்துனோம். பைலெல்லாம் ஒன்னு விடாம காப்பி ஆயிருச்சு, ரெண்டு தடவ சரிபாத்தாச்சு. ஸ்டார்ட் பண்ணுனா ஒரு வரிகூட வராம அப்படியே நின்னுருது. திருப்பதி அண்ணனும் இப்ப எங்க டீம்ல இல்ல. ஒனக்கு ஏதாச்சும் தோணுதா?"

ஷர்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஆப்பிள் எதற்கு, ஹார்லிக்ஸ் எதற்கு என்று இப்போது தெரிந்தது. அழுததும் உண்மை, இதற்காக வந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே மனுஷியால் செய்ய முடிகிறது என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கார எடுக்கச் சொல்லு ரஞ்சி. வெயில் ஏறுறதுக்குள்ள போயிரு."

சிவரஞ்சனி போனாள்.

ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. வேண்டாம் என்று தள்ளத் தள்ள மனசு அதையே பிடித்துக்கொண்டு சுற்றியது. பைல் எல்லாம் இருக்கிறது. ஒரு வரிகூட வரவில்லை. அப்படியென்றால் லினக்ஸ் தொடங்கவே இல்லை. தொடங்கியிருந்தால் ஏதாவது புலம்பியிருக்கும். பஸ்ஸில் நின்றபடி யோசித்தாள். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது யோசித்தாள். பதினான்கு வருடம் பழக்கிய மூளை, சம்பளம் நின்றுபோனது தெரியாமல் வேலை பார்த்தது.

புதன்கிழமை மத்தியானம், கீரமங்கலத்திலிருந்து வந்த அழகம்மாள் என்ற அம்மாளுக்கு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தாள். இறந்துபோன கணவனின் பெயர், நான்கு பிள்ளைகளின் பெயர். மூன்றாவது பெயரில் விடை கிடைத்தது. டிஸ்கின் தலைப்பில் உள்ள தொடக்கப் பதிவு, பைலின் பெயரை நினைவில் வைப்பதில்லை. டிஸ்கில் அது கிடக்கும் இடத்தைத்தான் நினைவில் வைக்கும். காப்பி செய்தால் பைல் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தொடக்கப் பதிவு பழைய இடத்துக்குப் போய்த் தேடும், அங்கே ஒன்றும் இருக்காது. அந்தப் பதிவைப் புதிதாக எழுத வேண்டும். ஒரே ஒரு கட்டளை. ஒரு நிமிடம்கூட ஆகாது.

விரல்கள் விசைப்பலகையில் நின்றுவிட்டன. போன் பக்கத்தில்தான் கிடந்தது. எண் அதில் இன்னும் இருந்தது. கூப்பிடப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். பழி தீர்த்த சந்தோஷமும் வரவில்லை. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்ததை அந்த மேசையில் யாரிடம் சொல்வது? கண்ணில் நீர் முட்டியது. ஹாஜா முகைதீன் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, பேரு ஏதும் தப்பா இருக்கா?" என்று பதறினாள் அழகம்மாள்.

"இல்லைங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கு. நாலாவது புள்ள பேரச் சொல்லுங்க."